இரண்டு கடலுக்கு நடுவே ஒரு தூண்டில்

மார்கழி மாதம் என்றவுடனே உங்களுக்கு என்னென்ன நினைவு வரும்? விடியுமுன் எழுந்து போடும் கோலம், பூசணிப் பூ, வெண்பொங்கல், சென்னையில் இருப்பவர்களானால் சபாக்களில் கச்சேரி. இவற்றோடு, அரையாண்டுப் பரீட்சை முடிந்து வீட்டைத் தலைகீழாக்கிக் கொண்டிருக்கும் குழந்தைகள்! கடற்கரை மட்டும் இந்த மாதத்தில் யாருக்கும் நினைவு வராது. "கடல் காற்று ஆகாது, ஜலதோஷம் பிடிக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவோம்.

ஆனால் நம்முடைய தேசத்தில் ஒரு கடற்கரை இருக்கிறது. மார்கழியிலும் தையிலும்தான் அங்கே குழந்தையின் கையில் ஒரு தூண்டிலைக் கொடுத்து உட்கார வைக்கத் தோதான காலம். அது தனுஷ்கோடியின் தென்கரை. நானும், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அங்கே ஒரு நாள் முழுவதும் மீன் பிடித்த கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பிடித்த மீன்களின் எண்ணிக்கையைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் எங்களுக்குக் கிடைத்தது.

பாட்டியின் ஆட்சேபம்

ராமேஸ்வர யாத்திரைக்கு முதலில் திட்டம் போட்டவர் என் தாயார். கோயிலுக்குள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களிலும் ஸ்நானம் செய்ய வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. "நாங்களும் வருகிறோம், ஆனால் ஒரு நாள் எங்களுக்கு வேண்டும், தனுஷ்கோடியில் மீன் பிடிக்கப் போகிறோம்" என்று பேத்தி சொன்னதும் வீட்டில் பெரிய விவாதம் மூண்டது.

"க்ஷேத்திரத்துக்குப் போய் யாராவது மீன் பிடிப்பார்களா? போன புண்ணியமெல்லாம் போய்விடும்!" என்றார் பாட்டி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் குழம்பு உண்டு. ஆனால் யாத்திரை என்றால் அது வேறு விஷயம் அல்லவா?

கடைசியில் என் மனைவி சமரசம் செய்து வைத்தாள். முதல் இரண்டு நாள் சுவாமிக்கு, மூன்றாம் நாள் குழந்தைக்கு. அகப்படுகிற மீன் எங்கள் அறைக்கு வரக் கூடாது. அந்தக் கரையிலேயே யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

சென்னையிலிருந்து புறப்பட்ட இரவு ரயில் விடியும் சமயத்தில் பாம்பன் பாலத்தின்மேல் ஊர்ந்தது. 1914-ஆம் வருஷம் திறந்த பழைய பாலத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல் மேலே விரியும். 2025 ஏப்ரல் மாதம் திறக்கப்பட்ட புதிய பாலம் அப்படியல்ல. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள இந்தப் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே தூக்கு மின்னேணி மாதிரி 17 மீட்டர் மேலே எழும்புகிறது. "அப்பா, பாலத்துக்கே லிப்ட்!" என்று என் மகள் கத்தியதில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் விழித்துக் கொண்டார்கள்.

ஆண்கடலும் பெண்கடலும்

இரண்டு நாள் தெய்வ காரியம் நல்லபடியாக நடந்தது. மூன்றாம் நாள் காலையில் நாங்கள் இருவரும் தனுஷ்கோடி பஸ்ஸில் ஏறினோம். ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் நிலம் ஒரு ரிப்பனைப் போல் ஒடுங்கிவிடுகிறது. இடது பக்க ஜன்னலிலும் கடல், வலது பக்க ஜன்னலிலும் கடல். வழியில் விபீஷணருக்குப் பட்டம் சூட்டிய இடம் என்று சொல்லப்படும் கோதண்டராமர் கோயில் தனித்து நிற்கிறது. 1964-ஆம் வருஷத்துப் புயலில் சுற்றுவட்டாரமே அழிந்தபோது இந்தக் கோயில் மட்டும் தப்பியது.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பெல்லாம் சாலையே கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் வேன்கள் தட்டுத் தடுமாறிக்கொண்டு போகும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறந்தார்கள். இப்போது பஸ்ஸிலேயே நிலத்தின் கடைசி நுனி வரை போய்விடலாம். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

இடது பக்கம் இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைந்தது, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் குளத்தைப் போல் அடங்கிக் கிடக்கும். அதனால் அதற்குப் பெண்கடல் என்று பெயர். வலது பக்கம் மன்னார் வளைகுடா. ஆழமும் அதிகம், அலையும் அதிகம். அது ஆண்கடல்.

நாங்கள் போன அன்றைக்கோ எல்லாம் நேர் எதிர்! பெண்கடல் நுரை கக்கிக் குமுறிக் கொண்டிருந்தது. ஆண்கடல் மடித்து வைத்த பட்டுப் புடவை மாதிரி சாதுவாகப் பளபளத்தது.

காரணம் மிகவும் எளிது. ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அப்போது ஆண்கடல் பொங்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிடும். அந்த வாடைக்காற்று நேராகப் பெண்கடலின்மேல் வந்து மோதுகிறது. நடுவிலே கிடக்கும் மணல் திட்டு தென்கரைக்கு ஒரு மறைவாக அமைந்துவிடுகிறது. கரையோரத்து மீனவர்கள் இதற்கு ஏற்றபடிதான் வலையைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக இடம் மாறுகிறார்கள்.

சாலை ஓரத்தில் மீன் வறுத்து விற்கும் ஒரு பெண்மணி இதை இன்னும் அழகாகச் சொன்னாள்: "வருசம் பூராப் பொறுமையா இருக்கிறவளுக்கு ரெண்டு மூணு மாசமாச்சும் கோவம் வரப்படாதா, சார்?"

இந்த நியாயத்தை நம் வாசக சகோதரிகள் கட்டாயம் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த அம்மாளிடமே நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். "எங்க மாமா இருக்காக; கூப்பிடறேன்" என்று அவள் குரல் கொடுத்தாள். ஓலைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஏறக்குறைய எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு. தலை மட்டும் பஞ்சு. என் மகளைப் பார்த்ததும், "தூண்டில் போடப்போறது நீயா, தாயி? அப்ப வா!" என்றார். அப்பாவை யாரும் லட்சியம் பண்ணவில்லை.

விரலில் ஒரு செய்தி

நீண்ட கழி, சக்கரம், பளபளக்கும் பெட்டி என்று நீங்கள் ஏதேதோ கற்பனை செய்து கொள்ள வேண்டாம். பெரியவரின் ஆயுதம் ஒரு காலிப் பாட்டில். அதில் நைலான் நரம்பு சுற்றியிருந்தது. நரம்பின் நுனியில் ஓர் ஈயக் குண்டு. அதற்கு ஒரு முழம் மேலே இரண்டு முள். முள்ளில் கோத்த இரை, மருமகளின் கடையிலிருந்து எடுத்து வந்த இறால் துண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு சினிமா டிக்கெட் விலை கூட ஆகாது.

ஈயக் குண்டைத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வீச வேண்டும். முதல் அலை உடைகிற இடத்துக்கு அப்பால் அது விழ வேண்டும். பிறகு நரம்பை ஆள்காட்டி விரலின்மேல் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் சங்கடம்! எங்கள் வீட்டில் ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத குழந்தை, வாயைத் திறக்காமல் அரை மணி நேரம் கடலையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அலை இழுக்கிறது வேற, மீன் இழுக்கிறது வேற. அலை தொட்டில் ஆட்டுற மாதிரி மெதுவா இழுக்கும். மீனு, கதவைத் தட்டுற மாதிரி டக் டக்குன்னு தட்டும்" என்றார் பெரியவர்.

தென்கரை மணலில் தூண்டிலுக்கு முக்கியமாக வருவது கிழங்கான். நம் சென்னை மார்க்கெட்டில் கிழங்கா என்று கேட்டு வாங்குவீர்களே, அதே மீன்தான். வெளிறிய நிறம், கூரான மூக்கு. அந்த மூக்கால் மணலைக் கிளறிப் புழுவையும் சின்ன இறாலையும் தேடித் தின்னும். வலை வருவது தெரிந்தால் சடக்கென்று மணலுக்குள் புதைந்து கொள்ளும். கரையை ஒட்டியே மேய்வதால், படகு இல்லாதவர்களுக்கும் அது எட்டுகிறது.

என் மகளின் விரலில் முதல் தட்டுத் தட்டியபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்த கடல் காக்கைகள் பறந்துவிட்டன. மளமளவென்று நரம்பை இழுத்தாள். கரைக்கு வந்தது கிழங்கான் அல்ல. கண்ணை உருட்டிக்கொண்டு, பந்து மாதிரி வயிற்றை உப்பிக்கொண்டு ஒரு மீன்!

"பேத்தை!" என்று சிரித்தார் பெரியவர். பயம் வந்தால் தண்ணீரையோ காற்றையோ குடித்து இப்படி உப்பிக்கொள்ளும் மீன் இது. உடம்பில் விஷம் இருப்பதால் இந்தக் கரையில் சமைப்பது இல்லை. பல்லும் பொல்லாதது. பழந்துணியால் பிடித்து, முள்ளை எடுத்து, கடலிலே விட்டார். கொஞ்ச தூரம் உப்பியபடியே மிதந்து போய், பிறகு சுய உருவம் பெற்று அது மறைந்தது.

இரண்டாவதாக வந்தது கிழங்கான்தான், ஆனால் குழந்தை. "உன் கைச் சாண் வச்சு அளந்து பாரு தாயி" என்றார். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே மீன் அடங்கிவிட்டது. "சாணுக்குக் கொறைஞ்சா விட்ருணும். அது இன்னும் முட்டை போடலே. இதைத் தின்னுட்டா அடுத்த வருசம் எதைப் புடிப்பே?"

குழந்தை மீனைத் தண்ணீரில் விட்டாள். பிறகு வெகு நேரமாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்: "தாத்தா, மீன் பிடிக்கிறது பாவமா? எங்க பாட்டி சொன்னாங்க."

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. இரையைக் கோத்து முடித்தார். "பாட்டி சொன்னதும் சரிதான். வேடிக்கைக்குப் புடிச்சுப் போட்டுட்டுப் போனாப் பாவம்தான். நீ இன்னைக்குப் புடிக்கிறது எங்க வீட்டு ராத்திரிக் குழம்புக்கு. எட்டுப் பேர் சாப்பிடணும். பாத்துப் புடி!"

அதற்குப் பிறகு அவள் தூண்டிலைப் பிடித்த விதமே மாறிவிட்டது. எட்டுப் பேர் குடும்பத்தின் பொறுப்பு அவள் ஆள்காட்டி விரலின்மேல் அல்லவா இருக்கிறது! நண்பகலுக்குள் நல்ல கிழங்கான் இரண்டு அகப்பட்டன. ஒவ்வொன்றும் அவள் கைச் சாணைத் தாண்டி நீண்டது. எனக்கு அகப்பட்டவற்றைப் பற்றி எழுத இந்த இதழில் இடம் போதாது என்று சொல்லலாம். உண்மையில் எழுத ஒன்றும் இல்லை.

மடியில் வந்தது

வெயில் ஏறியபோது கொஞ்ச தூரத்தில் "ஏலேலோ" போல ஒரு குரல் கேட்டது. கரைவலை இழுக்கிறார்கள். ஓடிப் போய்ப் பார்த்தோம்.

கரைவலை என்பது கரையிலே நின்று இழுக்கும் பெரிய வலை. ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டுவிட்டுப் படகு அரை வட்டமாகக் கடலைச் சுற்றிவந்து, மறு முனையை வேறோர் இடத்தில் கரைக்குக் கொண்டு வருகிறது. நடுவில் பை மாதிரி இருப்பதற்கு மடி என்று பெயர். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மெள்ள மெள்ள இழுத்துக்கொண்டு நெருங்கி வருகிறார்கள். இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். பெண்களும் ஆண்களுமாக இருபது முப்பது பேர். குழந்தையும் கயிற்றின் கோடியைப் பிடித்துக் கொண்டாள். "இழு தாயி, உனக்கும் ஒரு பங்கு உண்டு" என்று ஒரு பாட்டி கேலி செய்தாள். கிடைக்கிற மீனின் மதிப்பை வலைக்காரருக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இழுத்த பிறகு மடி கரைக்கு வந்தது. வெள்ளிக் காசைக் கொட்டினாற்போல் காரல் பொடி, சாளை, நாலைந்து பாறை, ஒரு திருக்கைக் குட்டி, தொட்டால் அரிப்பெடுக்கும் சொறி மீன்கள். அவற்றோடு என்ன வந்தது தெரியுமா? தண்ணீர்ப் பாட்டில்கள், நொறுக்குத் தீனிப் பைகள், ஒரு குழந்தையின் ரப்பர்ச் செருப்பு! நம்மைப் போல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவைதான். இழுத்தவர்கள் யாரையும் திட்டவில்லை. பிளாஸ்டிக்கை ஒரு பக்கம், மீனை ஒரு பக்கம் என்று பழகிய கையால் பிரித்துப் போட்டார்கள். அன்றைக்கு மீன் குவியல் பெரிதாக இல்லை. பங்கு என்னவாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

கயிறைச் சுத்து

பகல் சாப்பாடு மருமகளின் கொட்டகையில் நடந்தது. யாத்திரை ஒப்பந்தப்படி எங்களுக்குச் சோறும் ரசமும் அப்பளமும். குடிக்கக் கொடுத்த தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்கும்போது இது எங்கிருந்து வந்தது? மணலைத் தோண்டினால் சில அடி ஆழத்திலேயே ஊற்று. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின்மேல் ஆடை மாதிரி மிதக்கிறது. அளவாக மொண்டால் இனிப்பு. ஆழமாகத் தோண்டிவிட்டால் கரிப்பு.

கொட்டகைக்கு எதிரே பழைய தேவாலயத்தின் சுவர்கள் தெரிந்தன. ஒரு காலத்தில் இங்கே ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. தபாலாபீஸ், சுங்கச் சாவடி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு இலங்கையைக் கடந்து வந்த புயலும் 20 அடிக்கு மேல் எழும்பிய கடலும் அவ்வளவையும் கொண்டு போயின. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாஸஞ்சர் ரயில் தனுஷ்கோடியை எட்டும் சமயத்தில் அலையில் சிக்கியது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் மறுபடி ரயில் வரவே இல்லை.

"தாத்தா, அப்ப நீங்க எங்கே இருந்தீங்க?" என்று என் மகள் கேட்டாள்.

"இங்கதான் தாயி. எட்டு வயசு எனக்கு."

அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

"அன்னைக்குப் பகல்ல நானும் அப்பாவும் இதே தென்கரையிலதான் தூண்டில் போட்டுக்கிட்டிருந்தோம். தூறல். மீனே தட்டலே. நான் இன்னும் ஒரு வீச்சு, இன்னும் ஒரு வீச்சுன்னு கெஞ்சினேன். அப்பா வானத்தைப் பாத்தாரு, தண்ணியைப் பாத்தாரு. 'கடல் சரியில்லே, கயிறைச் சுத்து'ன்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. ராத்திரி தண்ணி வீட்டுக்குள்ளே வந்துருச்சு. என்னைத் தோளிலே தூக்கிக்கிட்டு மணல் மேட்டுக்கு ஓடினாரு. அங்க நின்ன சனங்ககிட்ட என்னைக் கொடுத்துட்டு, 'ஆத்தாளையும் தங்கச்சியையும் கூட்டியாரேன்'னு போனாரு."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. மருமகள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். இந்தக் கதையை அவள் பல தடவை கேட்டிருப்பாள்.

"அப்புறம் உங்களுக்குத் தூண்டில் யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று மெல்லக் கேட்டாள் குழந்தை.

"கரையில இருந்தவுக எல்லாரும் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பாகிட்டப் பாதிதான் கத்துக்கிட்டேன். அவருக்கு நேரம் பத்தலே." பெரியவர் தட்டைக் கழுவி வைத்தார். "அதனாலதான், எந்தப் புள்ளை வந்து கேட்டாலும் முழுசாச் சொல்லிக் கொடுத்துடறது. வா, வா, பொழுது போகுது!"

பிற்பகலில் மறுபடியும் தூண்டில் போட்டோம். காற்று லேசாகத் திசை மாறியது. மூன்று மணி இருக்கும். குழந்தையின் விரலில் ஒரு தட்டு. இழுத்தாள், இரை மட்டும் போயிருந்தது. புது இரை கோத்து, வீசுவதற்கு எழுந்து நின்றாள். அப்போது வடக்கே பெண்கடலின் மேல் மேகம் கறுத்துத் திரண்டு வருவதைப் பெரியவர் பார்த்துவிட்டார்.

"கயிறைச் சுத்து, தாயி."

குழந்தை என்னைப் பார்த்தாள். அவள் உதடு, 'இன்னும் ஒரே ஒரு...' என்று ஆரம்பித்ததை நான் பார்த்தேன். ஆனால் அந்த வாக்கியம் வெளியே வரவில்லை. இறாலைப் பிரித்துத் தண்ணீரில் போட்டாள். பாட்டிலை எடுத்து, ஈரம் சொட்டும் நரம்பை ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்றாக, முடிச்சு விழாமல், மிகவும் நிதானமாகச் சுற்றி முடித்து அவரிடம் கொடுத்தாள். பெரியவர் அதை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்து, "நல்லாச் சுத்தியிருக்கே" என்றார். அன்று முழுவதும் அவர் கொடுத்த பாராட்டு அது ஒன்றுதான்.

மழை வந்து கொட்டியது என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? அதுதான் இல்லை! கால் மணி நேரத்தில் மேகம் கலைந்து போய், பளிச்சென்று வெயில் அடித்தது. "தாத்தா, மழையே வரலியே!" என்றாள் என் மகள். பெரியவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "வரலேன்னா நல்லதுதானே தாயி!" என்று சொல்லிச் சிரித்தார்.

'பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று ஒவ்வொரு மழைக் காலத்திலும் செய்தியில் கேட்கிறோம். பல தடவை புயல் வேறு பக்கம் போய்விடுகிறது. "வீணாகப் பயமுறுத்தினார்கள்" என்று நாம் சலித்துக் கொள்கிறோம். அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலிப்பு இல்லை. சுற்றிய கயிறை நாளைக்கு மறுபடியும் பிரித்துக் கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு கிழங்கானையும் மருமகளிடம் கொடுத்தபோது அவள் அவற்றைத் தராசில் வைக்காத குறையாக மரியாதையோடு வாங்கிக் கொண்டாள். "எட்டுப் பேருக்கு இது போதுமா?" என்று குழந்தை கவலைப்பட்டாள். "கத்திரிக்காய் போட்டுக்குவேன் தாயி, குழம்பு நிறைஞ்சிரும்" என்றாள் அந்த அம்மாள். கூடவே, நம்மைப் போன்ற பட்டணத்துக்காரர்களுக்காக ஒரு பாடமும் நடத்தினாள். புது மீனுக்குக் கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு இருக்கும். செவுள் நல்ல சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் உடனே எழும்பும். "கண்ணு குழிஞ்ச மீனை இனாமாக் கொடுத்தாலும் வாங்காதீங்க!"

நீங்களும் போவதானால்

மார்கழி, தை, மாசி, இந்த மூன்று மாதங்களில் தென்கரை அமைதியாக இருக்கும். புயல் எச்சரிக்கை இருந்தால் பிரயாணத்தைத் தள்ளிப் போட்டுவிடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே புறப்பட்டுவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு வெளியூரார் அங்கே தங்க அனுமதி இல்லை.

நிழல் என்பது அங்கே அபூர்வம். குழந்தைக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர், மாற்று உடை, முள்ளெடுக்க ஒரு பழந்துணி, சிறிய கத்தரிக்கோல் இவை அவசியம். கெளுத்தி, பேத்தை, திருக்கை, சொறி ஆகியவற்றைக் குழந்தைகள் தொடக் கூடாது. தெரிந்த மீனவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அரிச்சல்முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிறது. பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது. தூண்டில் போடுவதற்குக் கணுக்கால் நனைந்தால் போதும்.

உங்கள் வீட்டில் மீன் சாப்பிடுகிற வழக்கம் இல்லையா? கவலை வேண்டாம். குளிர் காலத்தில் அந்தப் பக்கத்து உப்பங்கழிகளுக்குப் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. 2025-ல் அந்த இடத்தைச் சர்க்கார் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். ரோஜா நிறச் சிறகுகள் தண்ணீரின்மேல் விரிவதைப் பார்ப்பதற்கே ஒரு பகல் போதாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். புறப்படும்போது ஒரு முழ நரம்பைக்கூட மணலில் விட்டுவிட்டு வரக் கூடாது. அறுந்த நைலான் நரம்பு கடலாமையின் கழுத்திலும் பறவையின் காலிலும் சுற்றிக் கொண்டால் அவை தப்புவது கஷ்டம். மீன் அகப்பட்டாலும் சரி, அகப்படாவிட்டாலும் சரி, குழந்தை எவ்வளவு கெஞ்சினாலும் சரி, நேரத்தோடு கயிறைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேருங்கள்.